தூண் எண் 47

பதிவேட்டில் முகவரிக்கு ஒன்றரை வரி இடம்.
கதவு எண், தெரு, பின்கோடு.
பூங்காவனம் என் பேனாவையே பார்த்தாள்.
அவள் தலைக்கு மேலே பறக்கும் ரயில்
சிந்தாதிரிப்பேட்டையைக் கடந்து போனது, பாதி காலியாக.
தூணில் கறுப்புப் பெயிண்டில் 47 என்று இருந்தது.
அதையே எழுதினேன்.
மேலதிகாரி அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார்.
அந்த வட்டத்துக்குள் அவள் ஆறு மாதம் குடியிருக்க வேண்டும்,
தினம் ஒரு வேளை மாத்திரையோடு.

முதல் வாரம் ஓடி வந்து கையைப் பிடித்தாள்:
"ஒண்ணுக்கு ரத்தமாப் போவுதுக்கா, செத்துருவேனா?"
மாத்திரையின் நிறம் அது, என்றேன்.
"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"
சொல்லியிருக்க வேண்டும்தான்.
அந்த மாதம் எனக்கு அறுபத்து மூன்று பேர்.
யாரிடம் சொன்னேன், யாரிடம் விட்டேன் என்பது
பேசின் பிரிட்ஜ் வெயிலில் குழம்பிப்போயிருந்தது.

எடை மிஷினை நானே சுமப்பேன்,
ஜவுளிக்கடைக் கட்டைப்பையில்.
நடைபாதையில் சமமான ஒரு சதுர அடி தேடுவதற்குள்
காலை போய்விடும்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு, என்றேன்.
செருப்பே இல்லை அவளுக்கு; பழக்கத்தில் சொன்னது.
முப்பத்தாறு கிலோ.

சத்துணவுப் பணம் வங்கிக் கணக்கில்தான் விழும்.
கணக்குக்கு முகவரி வேண்டும்.
முகவரிக்கு, மறுபடியும், தூண்.
எதிரே பங்க்சர் கடை காஜா பாய்
தினம் ஒரு அவித்த முட்டை கொடுத்தார்,
கிரீஸ் கையோடு, எந்தக் கணக்கிலும் எழுதாமல்.

நான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை,
தூண் கழுவி விடப்பட்டிருந்தது.
ஏணியில் நின்று ஒரு பையன் மயில் வரைந்துகொண்டிருந்தான்.
தோகைக்கு இன்னும் கண் வைக்கவில்லை.
"இங்கே இருந்தவங்க?"
"ராத்திரி வேன் வந்துச்சாம். நான் இப்பதான் வந்தேன்."

மீன் மார்க்கெட், கூவம் ஓரம்,
எழும்பூரில் இரவுக் காப்பகம்,
பெரியாஸ்பத்திரியில் புறநோயாளி வரிசை.
ஒவ்வொரு இடத்திலும் இருமல் கேட்டுத் திரும்பினேன்.
எல்லா இருமலும் அவளுடையது மாதிரியே இருந்தது.
பதிவேட்டில் இதற்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறோம்:
தொடர்பு அறுந்தவர்.
யார் அறுத்தது என்று அந்தச் சொல்லில் இல்லை.
எழுதத்தான் போனேன். அன்று பேனா உதறி உதறியும் எழுதவில்லை.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு காஜா பாய் போன் செய்தார்:
"வந்து குந்தினு கீதும்மா."

மயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
காலி மாத்திரை அட்டைகள்,
கூடவே நான்கு சோடா மூடிகள்.
"தீந்துபோச்சு, இன்னா பண்றது. போடாத நாளுக்கு ஒரு மூடி."
செம்மஞ்சேரி தாண்டி எங்கேயோ இறக்கிவிட்டார்களாம்.
இருட்டோடு கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.
அங்கேயும் ஆஸ்பத்திரி இருக்குமே, ஏன் இவ்வளவு தூரம்?
"நீ இங்கதான வருவே?"

எனக்கும் ஒரு முகவரி இருந்தது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிஷினை வைத்தேன். முப்பத்தொன்பதரை.
காலைக் கொஞ்சம் நகர்த்தினால் நாற்பது.
நாற்பது என்று எழுதினேன்.
புது இடத்தின் பிளாக் எண் கேட்டேன்.
அவள் தூணைத் திரும்பிப் பார்த்தாள்;
47 மயிலின் வயிற்றுக்குள் போயிருந்தது.
"கோடு மாதிரி தெரியுது பாரு. இதையே போட்டுக்க."

நான்கு மூடிகளுக்கு நான்கு கட்டங்களில்
பெருக்கல் குறி போட்டேன்.
ஐந்தாவது கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி
அவள் விழுங்கக் காத்திருந்தேன்.
காஜா பாய் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்,
டியூப் ஓட்டை பார்க்கும் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில்.
மெதுவாகத்தான் வந்தது.