துளை எண் ஏழு

அந்தேரியில் இறங்கி
எரிமலைக்குப் போகணும் என்றால் ஆட்டோக்காரர் சிரிப்பார்.
கில்பர்ட் ஹில் என்றோம்.
மழையைக் காட்டி முப்பது ரூபாய் கூடக் கேட்டார்.

கறுப்புத் தூண்கள்.
விரார் லோக்கலில் நிற்பவர்களைப் போல
ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து
ஆறு கோடி ஆண்டாக நிற்கின்றன,
இறங்க வழியில்லாமல்.
காலடியில் வீடுகள்.
சில வீடுகளுக்குப் பின்சுவரே கிடையாது, மலைதான்.

மேதா கர்னிக் ஒரு வாயைத் தேடுகிறாள்.
பூமி எந்த இடத்தில் திறந்தது,
குழம்பு எந்தத் தொண்டை வழியே ஏறியது
என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.
இவ்வளவு கல்லையும் கொட்டிவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது அது.

காந்தமுள் இங்கே பொய் சொல்லும்.
கல்லுக்குள் இரும்பு.
நிழலை வைத்துத்தான் திசை குறிக்க வேண்டும்.
ஜூலையில் நிழலுக்கு எங்கே போவது?
நோட்டில் எழுதினேன்:
காத்திருப்பு, நாற்பது நிமிடம்.
பிறகு ஒரு கீற்று வெயில், ஓட்டம், கூச்சல், ஒரு கோணம்.

ஏழாவது துளை ருக்சாரின் சமையலறையில்.
வெளியே பிடித்த கோணத்தை
துணி காயும் கயிற்றில் நூல் கட்டி உள்ளே இழுத்துவந்தோம்.
அவள் அடுப்பை நகர்த்தினாள்,
பருப்பு டப்பாக்களை, ஒரு காலண்டரை.
மறுபடி பொங்குமா இது?
பொங்காது.
யார் சொன்னது?
மேதா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

வைர முனைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
எங்கள் கேன் காலி.
இந்தச் சந்தில் குழாய்
விடிகாலை நாலரைக்கு வரும், ஐந்துக்குப் போகும்.
ருக்சார் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.
என்னையும் பார்த்தாள்.
ஒரு வாளி, என்றாள். ஒன்றுதான்.

துளைக்கும்போது பாத்திரங்கள் எல்லாம் நடுங்கின.
கடைசி அரை அங்குலத்தில் வாளி தீர்ந்தது.
விரல் நீளக் கல் உருண்டு வந்து
என் உள்ளங்கையில் விழுந்தது.
சுட்டது.

உராய்வுச் சூடு, என்றாள் மேதா.
தெரியும்.
ஆனாலும் அது ஆறும்வரை
பையில் போட மனம் வரவில்லை.
யாரோ தூக்கத்தில் ஒரு வார்த்தை முனகினால்
அருகில் இருப்பவர் அசையாமல் இருப்பாரே, அப்படி.

மூன்று வாரம் கழித்து
எண் சரிபார்க்கப் போனேன்.
மேதாவின் வரைபடத்தில்
அம்புகள் இன்னும் கடலுக்கும் கோரேகாவுக்கும் இடையே
தடுமாறிக்கொண்டிருக்கின்றன.
வாய் அகப்படவில்லை.
அடுப்பு பழைய இடத்தில். காலண்டர் ஒரு மாதம் நகர்ந்திருந்தது.
துளை எண் ஏழில்
மூன்று டூத்பிரஷ்கள்,
ஒன்று குழந்தையுடையது.