இலையோடு தின்னலாம்

மார்ச் வந்துவிட்டது, தார்த்துவில் யாரும் பனியிடம் சொல்லவில்லை.
சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பார்சல் அலமாரியில்
ஆறு இலக்கம் அடித்தேன்.
முப்பத்தொன்றாம் கதவு
தும்மியது போலத் திறந்துகொண்டது.
உள்ளே ஒசாகாவிலிருந்து ஒரு பெட்டி,
சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்து ஒட்டிய நாடாவோடு.

சந்தா கட்டியது என் தங்கை உர்வே.
"நாக்குக்காவது வேலை கொடு" என்று எழுதியிருந்தாள்.

நான் எரிவாயுக் கம்பெனியில் பதினேழு வருஷம்
கசிவு மோப்பம் பிடித்தவன்.
கருவி முனகும் முன்பே என் மூக்கு சொல்லிவிடும்
எந்தப் படிக்கட்டு, எத்தனையாவது மாடி என்று.
போன செப்டம்பரில் ஒரு காய்ச்சல்.
போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது.
இப்போது மீட்டர் கணக்கு எழுதுகிறேன்.
காபி எனக்குச் சூடான கசப்பு.
ஆரஞ்சு, ஈரமான புளிப்பு.
என் மகளின் தலைமுடி, வெறும் தலைமுடி.

மகள் பெயர் ஹெலி.
எங்கள் மொழியில் அதற்கு ஒலி என்று அர்த்தம்.
ஒன்பது வயது. கத்தரிக்கோலும் கையுமாக
நாற்காலி மேல் முழங்கால் போட்டு நிற்கிறாள்.

முதலில் மோனகா:
இரண்டு மெல்லிய அரிசித் தகடு, நடுவே சிவப்புப் பயறு விழுது.
கடித்தேன்.
நடைபாதைக் குட்டையில் வருஷத்தின் முதல் உறைபனி
செருப்புக்கடியில் உடைகிற சத்தம்.
அது எனக்குக் கேட்டது. குறையில்லாமல் கேட்டது.
பிறகு தகடு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு
போக மாட்டேன் என்றது.

அடுத்தது யோகான். கறுப்பு, பளபளப்பு, ஓட்டல் சோப்பு அளவு.
பல் இறங்குகிறது, அடமும் இல்லை, ஓசையும் இல்லை.
இனிப்பு வந்து நிற்கிறது,
சாமான் இறக்காத புது வீட்டில்
விளக்கு மட்டும் எரிகிற மாதிரி.
"மண் வாசம்" என்கிறாள் ஹெலி.
"உருளைக்கிழங்கு தோண்டுகிற அன்றைக்கு வருமே, அது."
அவள் முகர்ந்து சொல்ல, நான் மென்று தலையாட்ட,
எப்போது தொடங்கினோம் இந்த ஏற்பாட்டை?
பேசி வைத்துக்கொண்டதாக நினைவில்லை.

வராபி மோச்சி என்று ஒரு குலுங்கும் கட்டி.
கூடவே மஞ்சள் மாவுப் பொட்டலம்.
கிழித்ததும் கத்தினாள்: "அப்பா, இது கமா!"
கோடையில் மோர் ஊற்றிக் கரைத்து
நாங்கள் குடிக்கிற வறுத்த மாவு அது.
"ஜப்பான்காரர்கள் நம்முடையதைத் திருடிவிட்டார்கள்."
சிரித்த சிரிப்பில் மாவு பறந்து
மேஜையில், என் மீசையில், பூனையின் முதுகில்.
கட்டி வாய்க்குள் வழுக்கி வழுக்கி
இரண்டாவது நாக்கு போல அலைந்தது.
கொஞ்சம் பயந்துதான் விழுங்கினேன்.

கடைசியில் ரோஜா நிற உருண்டை,
செர்ரி இலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு.
இலையைத் தின்னலாமா, கூடாதா?
துண்டுச்சீட்டு முழுக்க ஜப்பானிய எழுத்து.
ஓரத்தில் ஒரு சின்னப் படம்: சிரிக்கும் வாய், இலை.
போதும்.

உப்பு.
இனிப்பின் தோளில் கை போட்டுக்கொண்டு உப்பு.
ஆறு மாதத்தில் என் வாய்க்குள்
இரண்டு பேர் சேர்ந்து நுழைந்தது அன்றுதான்.
எழுந்து நின்றுவிட்டேன்.
"என்ன மணக்கிறது? சொல், சீக்கிரம் சொல்."

ஹெலி இலையை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள்.
அவசரப்படவில்லை.
"புல் அறுத்த மாதிரி. அறுத்த அன்றைக்கு இல்லை.
மறுநாள்."

அந்த மறுநாளைத் தேடிப் போனேன்.
வரவில்லை.
ஆனால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தது,
இருட்டில் ஸ்விட்ச் இருக்கிற சுவரைக் கை அறிவது போல.
அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, பால்!"

என் முதுகுக்குப் பின்னால் அடுப்பில்,
மறந்துபோன பால் பொங்கி, கருகி, புகைந்து.
கசிவு பிடிக்கிற ஆள் ஒரு முழம் தள்ளி நிற்கிறேன்.

அவள் ஜன்னலைத் திறந்தாள். பனி உள்ளே வந்தது.
நான் பாத்திரத்தை ஊற வைத்தேன்.
இலை உருண்டை இன்னும் ஒன்று மிச்சம்.
"நாளைக்கு" என்றேன்.
"பாதி இப்போது" என்றாள்.
கத்தரிக்கோல் அவளிடம் இருந்தது.