சொல்லுக்கு ஐம்பது ரூபாய்

இன்வேசிவோர்.
அகராதிக்காரர்கள் கேட்ட பட்டியலில்
இதற்கு மட்டும் நான்கு நாளாய்
தமிழ் அகப்படவில்லை.

உடைத்துப் பார்த்தேன்.
லத்தீனில் 'வாதெரே' நடத்தல்,
'இன்' உள்ளே, 'வோராரே' விழுங்கல்.
உள்ளே நடந்து வந்ததை விழுங்குபவர்.
எங்கள் தெரு நாய்க்குக்கூடப் பொருந்தும்.

வண்டியூர்க் கண்மாய்க் கரையில்
பஞ்சவர்ணம் தார்ப்பாய் விரித்து
ஜிலேபிக் கெண்டைக்குச் செதில் சுரண்டுகிறாள்.
ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன் என்றேன்.
"நடந்தா வந்துச்சு?
எவனோ குடத்துல கொண்டாந்து கொட்டுனான்.
நம்ம கெண்டக் குஞ்செல்லாம் தின்னுருச்சு,
இப்ப இதுதான் கெடக்கு.
கிலோ நூத்தி இருவது."

திலாப்பியா
எந்தக் காதில் விழுந்து
எந்த வாயில் ஜிலேபியானதோ,
அந்த வாய்க்கு எவரும்
ஐம்பது ரூபாய் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அரைக் கிலோ வாங்கினேன்.
குழம்புக்கு மிளகாய்:
கப்பலில் வந்திறங்கி
மிளகின் பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு
மிளகை ரசத்துக்கு அனுப்பிவிட்ட காய்.

கொதி வருவதற்குள்
'வந்தேறியுண்ணி' என்று எழுதினேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அப்போது கதவு தட்டல்.
மாடி வீட்டுத் துளசிராம்,
நூலும் தறியுமாய் நானூறு வருஷம் முன்
இந்த ஊருக்குள் நடந்து வந்தவர்களின் பிள்ளை,
மோட்டார் போடச் சொல்ல வந்தவர்
மூக்கை உறிஞ்சிக்கொண்டு
அங்கேயே நிற்கிறார்.

எழுதியதை அடித்தேன்.
கிண்ணம் எடுத்து வாங்க என்றேன்.

அந்தத் தாளில்தான்
முள்ளை மடித்துப் போட்டோம்.