பத்தாம் தேதிக்கு முன்னால்

குத்தாயிசியில், ரியோனி ஆற்றுக்கு மேலே இரண்டாம் தெருவில்
பதினொரு விடுதிகளின் படுக்கை விரிப்புகளை
சியாலா வெளுக்கிறாள்.
மூன்று இயந்திரங்கள். ஒன்று நடுங்கும்;
அதன் காலடியில் மடித்த அட்டை.
சுவரில் ஆணியடித்துத் தொங்கும் நோட்டு:
யார், எத்தனை விரிப்பு, எவ்வளவு பாக்கி.
நிஸியா என்று அதற்கு இங்கே பெயர்.
கடன் என்பதைவிடக் கொஞ்சம் மெத்தென்ற சொல்.

முதல் நாள் நான் கொண்டுபோன திரையில்
கொட்டை எழுத்தில் ஒரு தொகை:
உங்களுக்கு வரவேண்டியது ஆறாயிரத்து நானூறு லாரி.
(லாரி இங்கே நாணயம். சரக்கு வண்டியைப் போலவே
அதுவும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை.)
ஈரக் கையால் தொடாமல்
முழங்கையால் திரையை என் பக்கம் தள்ளினாள்.
"வரும் என்று எனக்கும் தெரியும்.
எரிவாயுவுக்குப் பத்தாம் தேதி கட்டணும்.
அதற்கு முன்னாலா, பின்னாலா?"

திபிலிசி திரும்பும் பேருந்தில்
அந்த 'முன்னாலா' என் பக்கத்து இருக்கையில் வந்தது.
பணம் இல்லாமல் இல்லை அவளுக்கு.
இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதான் மேல்தான்
ஒரு நிறுவனம், எட்டு மேசை, என் சம்பளம்.

தொகையைச் சிறிதாக்கினேன், தேதிகளைப் பெரிதாக்கினேன்.
ஆறு: சோப்பு. பத்து: எரிவாயு.
வெள்ளிதோறும் இஸ்திரி போடும் இரண்டு பெண்களுக்கு.
விடுதிக்காரர் 'சரி' என்று அழுத்தினால் போதும்,
அன்று மாலையே அவளுக்கு நாங்கள் கொடுத்துவிடுவோம்;
அறுபது நாள் காத்துக் கிடப்பது எங்கள் பாடு.

அந்த 'சரி'க்கு எத்தனை பச்சை பார்த்தோம்!
கட்டைவிரலுக்கு எட்டுமா,
கண்ணாடி போடாதவருக்குத் தெரியுமா.
எட்டியது, தெரிந்தது.
அவ்தாந்தில் அழுத்தவில்லை.
மறுக்கவும் இல்லை. மறுத்தால் காரணம் எழுதணும்,
சும்மா இருக்க எதுவும் எழுத வேண்டாம்.

ஒன்பதாம் நாள் நேரிலேயே போனேன்.
பிளம் சாறு ஊற்றித் தந்தார்,
தன் நோட்டையும் பிரித்துக் காட்டினார்:
வார்சாவின் பயண நிறுவனம், தொண்ணூறு நாள் பாக்கி.
"சரி என்றால் நாள் ஓட ஆரம்பித்துவிடும்.
இப்போது ஓடவில்லை பாருங்கள்.
சியாலாதான் என் வங்கி" என்று சிரித்தார்,
பாசமாகத்தான்.

மூன்று நாள் பேசாவிட்டால் சம்மதம், என்றேன் நான்.
விடுதிகள் ஓடிவிடும், என்றான் ரேஸோ.
ஏழு, என்றார் வக்கீல்.
இரண்டு வாரச் சண்டைக்குப் பிறகு ஐந்து.
மௌனம் சம்மதம் என்பது
ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவில் ஏறியது,
நிரலில் ஒரே ஒரு வரி.

ஒன்பதாம் தேதி மாலை.
அவ்தாந்திலின் இரண்டாயிரத்து இருநூறு
அவள் கைப்பேசியில் வந்து விழுந்தபோது
படம் பிடிக்க நானும் நின்றிருந்தேன்.
எரிவாயுவைக் கட்டினாள். மூச்சு விட்டாள்.
பிறகு கைப்பேசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்,
நான் சாம்பல் நிறத்தில் பொடியாக வைத்திருந்த வரியைப் படித்தாள்:
கட்டணம், ஒன்றரை சதவீதம்.
"முப்பத்துமூன்று லாரி."

விரிப்பு ஒன்றுக்கு அவள் வாங்குவது ஒன்றரை.
அலமாரியில் மடித்திருந்ததை
உதடசைய எண்ணி எடுத்து
மேசையின் மறுபக்கம் வைத்தாள்.
"இருபத்திரண்டு. இது உங்களுக்கு வெளுத்தது."
குரலில் கோபம் இல்லை, கணக்கு மட்டும்.
விரிப்புகளில் இன்னும் சூடு இருந்தது.

அன்றிரவு அந்தச் சாம்பலைக் கறுப்பாக்கினேன்.
எழுத்தை இரண்டு அளவு கூட்டினேன்.
ரேஸோ இன்னும் பார்க்கவில்லை.