பலகைக் கணக்கு

ஏரிக்கு மண்கரைதான்.
ஞாயிறு இரவு அதுவும் போயிற்று.

ஐந்து நாளாய்ச் சவப்பெட்டி அடிக்கிறேன்
ஒக்கிச்சோபியில், துப்பாக்கி பார்த்திருக்க.
பலகை வெள்ளையருக்கு மட்டும்.
எங்களுக்குச் சுண்ணாம்பு, ஒரே குழி.
சேற்றில் ஊதிக் கிடப்பவரை
நிறம் பார்த்துப் பிரிக்க ஆகவில்லை.
தலைமுடியைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார் மேஸ்திரி.

நஸ்ஸாவில் கப்பலேறும்போது
‘ஏரிதானே, கடலில்லையே’ என்றாள் ஐஸ்லின்.

அவளை நான் மடியால் அறிந்தேன்.
திங்களன்று ஊன்றக் கட்டிவைத்த அவரை விதை
துணிக்குள்ளேயே ஊறி
முளைவிட்டிருந்தது.

ஒரு பலகை திருடினேன்.
அவள் நீளத்துக்குப் போதவில்லை.
பெயராவது செதுக்கலாம் என்று உட்கார்ந்தால்
எனக்கு எழுத்துத் தெரியாது.

ஏழு ஆணி அடித்தேன் வரிசையாக.
எட்டாவது
வளைந்துவிட்டது.