நாற்பத்திரண்டாம் நம்பர், இடது கால்

முதல் வெடிக்குப் பன்றி ஓடியதா, தெரியாது.
நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்,
எப்போது உட்கார்ந்தேன் என்ற நினைவில்லாமல்.
துப்பாக்கி மடியில் கிடந்தது
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

ஒற்றைக் குழல். பன்னிரண்டு போர்.
செத்துப்போன எத்திராஜ் பேரிலிருந்து
பூங்காவனமாகிய என் பேருக்கு லைசென்சை மாற்ற
சத்துவாச்சாரிக்கு ஒன்பது நடை.
மல்லாட்டை எத்தனை ஏக்கர், காடு எவ்வளவு தூரம்,
கேஸ் உண்டா, கண் தெரியுமா,
எல்லாம் கேட்டார்கள்.
தோளைப் பற்றி ஒரு கட்டமும் இல்லை அந்தப் பாரத்தில்.

நான் ஐந்தடி ஓரங்குலம்.
கட்டையை எவனோ ஆறடி ஆளுக்குச் செதுக்கியிருக்கிறான்.

மறுநாள் ஆம்பூர் பஸ்ஸில்
கம்பியைப் பிடிக்கக் கை எழவில்லை.
மூன்றாம் நாள், கை கழுவும் இடத்தில்,
ரவிக்கை விலகியதைச் ஷமீனா பார்த்துவிட்டாள்.
கத்தரிக்காய் நிறம், ஓரத்தில் மஞ்சள்.
"யாருக்கா அது?"
"துப்பாக்கி."
அவள் சிரிக்கவில்லை.
"நானும் மொதல்ல கதவுன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன்."
துப்பட்டாவை ஒரு விரல் அகலம் தள்ளிக் காட்டினாள்,
உடனே மூடினாள்.
மணி அடித்தது. லைனுக்குப் போனோம்.

எனக்கு சோல் ஒட்டுகிற வேலை.
குதிகாலுக்கு அடியில் என்ன வைத்தால்
ஜெர்மனியில் ஒருத்தன் முட்டி நோகாமல் நடப்பான் என்று
பதினொரு வருஷமாக என் கைக்குத் தெரியும்.
கெட்டி ரப்பர் வாங்கின அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும்.
ரொம்ப மெத்தென்றால் நசுங்கித் தரை தட்டும்.
நடுவில் ஒன்று இருக்கிறது:
அடியை வாங்கி, கொஞ்சம் வைத்திருந்து,
மெல்ல விடுவது.

ரிஜெக்ட் பெட்டியில் கிடந்தது அது,
நாற்பத்திரண்டாம் நம்பர், இடது கால் மட்டும்.
குதிகாலை அறுத்து டிபன் டப்பாவில் வைத்து
மிச்ச எலுமிச்சைச் சோற்றை மேலே பரப்பினேன்.
கேட்டில் மூடியைத் திறந்து பார்த்தவன்
"சாப்பிடலியா?" என்றான்.
பசியில்லை என்றேன். பசித்தது.

ஆசாரி கட்டையில் ஓரங்குலம் அறுத்தான்.
இரண்டு பக்கமும் பசை தடவி,
விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காயவிட்டு,
லைனில் செய்கிற மாதிரியே அழுத்தி ஒட்டினேன்.
கட்டைக்குள் துளை போட்டு
மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டு, முந்நூறு கிராம்.
கனம் கூடினால் உதை குறையும் என்றான்.
சொல்வது அவன். தூக்கி நடப்பது நான்.

ஒன்று மட்டும் யாரும் சொல்லாமல் தெரிந்துகொண்டேன்.
பயந்துபோய்த் தோளிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்தால்
அந்த இடைவெளியில்தான் அது ஓடிவந்து அடிக்கும்.
ஒட்டப் பிடித்தால் அடி கிடையாது, தள்ளல்தான்.
இதை ஷமீனாவிடம் சொல்ல வாயெடுத்தேன்.
நிறுத்திக்கொண்டேன்.
அது வேறு கணக்கு.

நேற்று ராத்திரி சாத்கர் மலைப் பக்கமிருந்து
ஏழோ எட்டோ, குட்டிகளோடு.
அவற்றுக்கு மேலே, மலைக்கும் மேலே இருந்த
இருட்டைப் பார்த்துச் சுட்டேன்.
தோளில் யாரோ தட்டினார்கள்,
தூங்குகிறவளை எழுப்பி
ஸ்டாப்பிங் வந்துடுச்சு என்று கண்டக்டர் தட்டுகிற மாதிரி.
நின்றுகொண்டிருந்தேன்.
பன்றிகள் ஓடின.
அரை மணி கழித்துத் திரும்பி வந்தன.

இன்று ரிஜெக்ட் பெட்டியில் ஒரு வலது கால்.
ஷமீனா அதை எடுத்தாள்.
கட்டை விரலால் ஆழ அமுக்கி, விட்டு,
அந்தக் குழி மெல்ல மெல்ல மேலே வருவதைப்
பார்த்துக்கொண்டே இருந்தாள்,
பெல்ட்டில் அவள் முன்னால்
ஜோடிகள் குவியத் தொடங்கிய பிறகும்.