ஒன்று பத்திலிருந்து ஒன்றரை வரை

எங்கள் சமையலறை வடக்குப் பார்த்தது.
தார்த்து நகரத்துப் பிப்ரவரியில்
வெயில் இங்கே நேராக வருவதில்லை.
இரண்டு புகைபோக்கிகளுக்கு நடுவே நுழைந்து
எதிர்க் கட்டடத்தின் சிமெண்ட் சுவரில் விழும்.
அந்தச் சுவரிடமிருந்து நாங்கள் வாங்கும்
கைமாற்று வெளிச்சம்,
இருபது நிமிடம்.
அதற்காக மீதி நாள் முழுக்க
வண்ணம் குழைக்கிறேன்.

லினன் துணியை இழுத்து ஆணியடித்து
முயல்தோல் பசை பூசிக் காயவைத்து
உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பூசி
முதல் கோடு போடுவதற்குள்
டிசம்பர் முடிந்துவிட்டது.
நூலில் ஈயக்குண்டு கட்டித் தொங்கவிட்டால்
மூலைச்சுவர் நேரில்லை.
எண்பது வருடமாக யாரும் அதனிடம் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை,
சாய்த்தே வரைந்தேன்.

ஹில்யா இரவுப்பணிச் செவிலி.
காலையில் வந்தால் உட்கார இடமில்லை.
நாற்காலியின் நான்கு காலைச் சுற்றியும்
தரையில் சாக்பீஸ் வட்டம்.
ரொட்டிப் பலகை, கத்தி, கெட்டில்
எதையும் தொடக் கூடாது.
ஜன்னலோரம் நின்றே காபி குடிப்பாள்.
"வாடகையில் பாதி நான் தருகிறேன், விர்வே.
நாற்காலி எவ்வளவு தருகிறது?"

அரை எலுமிச்சை மட்டும் பேச்சைக் கேட்கவில்லை.
ஏழு முறை மாற்றினேன்.
படத்தில் இருப்பது
ஐந்தாவதின் தோல்,
மூன்றாவதின் விதை.

ஃப்ரிட்ஜ் வெள்ளை என்று நினைத்திருந்தேன்.
மேல்பாதி நீலம் கலந்த சாம்பல்.
கைப்பிடிக்குக் கீழே தவிட்டு நிறம்.
தரையை நெருங்க நெருங்கப் பச்சை.
பக்கத்தில் தொங்கும் துண்டின் சிவப்பு
சொல்லாமல் கொள்ளாமல் ஏறியிருக்கிறது.
பதினொரு வெள்ளை பிசைந்தேன்.
ட்யூபிலிருந்து வந்தபடியே வைத்த வெள்ளை
ஒரே ஓர் இடத்தில்,
கைப்பிடி விளிம்பில்,
கடுகில் பாதி.

எண்ணெய் குறைந்த பூச்சு அடியில்,
கூடியது மேலே.
மாற்றிப் பூசினால் வெடித்துவிடும்.
அது காய்வதற்குள் மார்ச் வந்தது,
வெளிச்சம் வேறு யார் வீட்டுக்கோ போனது.
படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்,
அடுத்த பிப்ரவரி வரை.
ஹில்யா ஒரு முக்காலி வாங்கினாள்.

கோடையில் எதிர்க் கட்டடத்துக்குச் சாரம் கட்டினார்கள்.
குளிர் தாங்கும் பலகை ஒட்டி
மேலே புதுப் பூச்சு,
வேகவைத்த கேரட்டின் நிறம்.
நல்லதுதான், ஹீட்டர் செலவு குறையும் என்றாள் ஹில்யா.
எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிப்ரவரி பதினொன்று. ஒன்று பத்து.
கடன் கொடுப்பவர்
நாணயத்தை மாற்றிவிட்டார்.
கெட்டில் வயிறு மஞ்சள்.
கத்தியின் முதுகு மஞ்சள்.
பதினொரு வெள்ளையும் பொய்.

சுரண்டுகத்தியை எடுத்தேன்.
துண்டின் ஓரத்திலிருந்து ஓர் உள்ளங்கை அகலம்
சுரண்டினேன்.
கீழே பழைய குளிர்காலம்
ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.
நிறுத்திவிட்டேன்.

இடப்பக்கம் ஃப்ரிட்ஜ், போன வருடம்.
வலப்பக்கம் கெட்டில், இந்த வருடம்.
நடுவே மேசை விரிப்பில் நான்கு விரல் இடம்,
அங்கே எது எதுவென்று
எனக்கே தெரியாது.

கடைசியாகத் தரை.
சாக்பீஸ் வட்டங்களை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.
உள்ளதை வரைகிறேன் என்று
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள்.
அதையும் போட்டேன்,
ஹில்யாவின் துடைப்பம் பட்டுப்
பாதி அழிந்த நான்காவது வட்டத்தை
அழிந்தபடியே.

தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
"இனி உட்காரலாமா?"
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்,
காபி தளும்பியது.
"இது ஆடுகிறதே!"

பதினைந்து மாதம்
அந்த நாற்காலியைப் பார்த்திருக்கிறேன்.
அது ஆடும் என்று
எனக்குத் தெரியாது.